அந்தக் கையெழுத்தை முதலில் நிறுத்துங்கள்

கேள்வி: அம்மா, என் வயது 28. டெல்லியில் ஐந்து விமானங்கள் வைத்திருக்கும் ஒரு சார்ட்டர் (வாடகை விமான) கம்பெனியில், கிங் ஏர் பி200 விமானத்துக்கு கோ-பைலட். இது நாலாவது வருடம். இதுவரை 1,430 மணி நேரம் பறந்திருக்கிறேன். அப்பா நஞ்சையை அடமானம் வைத்து 48 லட்சம் புரட்டிப் படிக்க வைத்தார். ‘1,500 ஆகட்டும், கமாண்ட் (கேப்டன் பொறுப்பு) தருகிறோம்’ என்று கம்பெனியில் இரண்டு வருடமாகச் சொல்கிறார்கள். சம்பளம் மூன்று மாதம் பாக்கி. வீட்டில் சொல்லவில்லை, அப்பாவுக்காகப் பொறுத்துக்கொள்கிறேன். மாதம் முழுக்க ஸ்டாண்ட்பை. டியூட்டி நேரம் மீறிப்போனால் ரிப்போர்ட்டிங் (வேலைக்கு வந்த) நேரத்தை ஆபீஸிலேயே மாற்றிப் போட்டுவிடுவார்கள், நான் கையெழுத்து மட்டும் போடுவேன், அதில் ஒன்றும் பிரச்சினை இல்லை. இங்கேயே காத்திருப்பதா, இன்னும் ஒரு கடன் வாங்கி ஏ320 டைப் ரேட்டிங் (அந்த ரக விமானம் ஓட்டும் தகுதி) முடித்துப் பெரிய ஏர்லைனுக்குப் போவதா? கம்பெனியில் சேரும்போது வாங்கிய வெற்று செக் வேறு அவர்களிடம் இருக்கிறது.
– பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: தம்பி, இத்தனை குறைகளை எழுதிவிட்டு, ஒரே ஒரு இடத்தில் மட்டும் ‘ஒன்றும் பிரச்சினை இல்லை’ என்கிறீர்கள். அந்த இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

உதாரணத்துக்கு, காலை ஏழு மணி ஃப்ளைட்டுக்கு ஆறு மணிக்கு ரிப்போர்ட் செய்கிறீர்கள். விமானத்தை வாடகைக்கு எடுத்த பார்ட்டி பத்தரைக்கு வருகிறது. போய், காத்திருந்து, திரும்பி, வேலை முடிந்து வெளியே வரும்போது இரவு ஒன்பது. பதினைந்து மணி நேர டியூட்டி. ஆபீஸில் ஆறு மணியை அடித்து ஒன்பதரை என்று போடுகிறார்கள். காகிதத்தில் பதினொன்றரை மணி நேரம் ஆகிவிட்டது, எல்லாம் சுத்தம். இதில் உங்களிடமிருந்து பறிபோனது என்ன என்று கணக்குப் பார்த்தீர்களா? முடித்த டியூட்டி எவ்வளவு நேரமோ அவ்வளவு ஓய்வு, அல்லது 12 மணி நேரம், இதில் எது அதிகமோ அது என்பதுதான் விதி. உண்மைக் கணக்குப்படி மறுநாள் நண்பகல் வரை உங்களைத் தொடக்கூடாது. காகிதக் கணக்குப்படி காலை ஒன்பதுக்கே கூப்பிடலாம். மூன்று மணி நேரத் தூக்கத்தை உங்கள் கையெழுத்தாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தத் தூக்கம் இல்லாமல்தான் மறுநாள் மழையில் இறங்குகிறீர்கள்.

யாருக்கும் தெரியாது என்ற தைரியமா? காலையில் ஊதிய பிஏ டெஸ்ட் (மது சோதனை) சீட்டில் மணி, நிமிடம் இருக்கிறது. டெஸ்டை கேமராவிலும் பதிவு செய்திருக்கிறார்கள். ஏர்போர்ட் கேட்டில் நீங்கள் நுழைந்த நேரம், ஏழு மணிக்கென்று போட்ட ஃப்ளைட் பிளான், டவர் பதிவு, எரிபொருள் சலான் என்று எல்லாம் தனித்தனி ஆட்களிடம் கிடக்கிறது. விபத்து விசாரணைக்கு வருபவர்கள் இவற்றை வரிசையாக அடுக்கி வைப்பார்கள். நேரத்தைத் திருத்திய குமாஸ்தாவின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. உங்கள் பெயர் இருக்கும். பொய்ப் பதிவுக்காக லைசென்ஸை நிறுத்திவைக்க, விமானத் துறையைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ.வுக்கு அதிகாரம் உண்டு.

அப்பாவுக்காகப் பொறுத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். அப்பா அடமானம் வைத்தது நஞ்சையை. அந்த நஞ்சையை மீட்க வேண்டிய லைசென்ஸை நீங்கள் ஒரு ஆபீஸ் மேஜையில் அடமானம் வைத்திருக்கிறீர்கள், அதுவும் இனாமாக. இதற்குப் பெயர் பொறுமை இல்லை. பின்னிருக்கையில் உட்காருகிறவர்களுக்கும் வீட்டில் ஆள் இருக்கிறது. 2001 செப்டம்பர் 30 அன்று, உத்தரப் பிரதேசத்தின் மெயின்புரி அருகே, மோசமான வானிலையில் ஒரு கிங் ஏர் சி90 விழுந்தது. மாதவராவ் சிந்தியாவின் பெயர் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதில் இறந்த எட்டுப் பேரில் இரண்டு பேர் விமானிகள். அவர்கள் பெற்றோரை யார் நினைத்தார்கள்? அவசரம் பார்ட்டியுடையது. ‘முடியாது’ என்று சொல்ல வேண்டியது காக்பிட்டில் இருக்கிற இரண்டு பேர்தான், கோ-பைலட்டும் சேர்த்து.

பெரிய ஏர்லைன் விமானிகள் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்துதான் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக்கினார்கள். 2025 டிசம்பரில் புதிய ஓய்வு விதிகளுக்கு ஏற்ப ஆள் வைத்திராமல் இண்டிகோ விமானங்களை ரத்து செய்ததை நாடே பார்த்தது. ஐந்து விமானக் கம்பெனியில் உங்களுக்குச் சங்கம் கிடையாது. டியூட்டி நேரப் பதிவேடு ஒன்றுதான் உங்களுக்குக் காவல், அதையும் அவர்கள் கையில் கொடுத்துவிட்டீர்கள்.

கமாண்ட் ஏன் வரவில்லை என்பதற்கும் இதுதான் பதில். உங்களை கேப்டன் ஆக்க வேண்டுமென்றால் பயிற்சிப் பறத்தல், திறன் சோதனை, எக்ஸாமினர் என்று கம்பெனி காசு செலவழிக்க வேண்டும். விமானப் படையில் ஓய்வு பெற்றவரை நேராகக் கேப்டனின் இடது சீட்டில் உட்கார வைத்தால் அந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சம். கோ-பைலட்டின் வலது சீட்டுக்கு, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிற ஒருவர் சம்பளம் இல்லாமலேயே கிடைத்திருக்கிறார். அவரை எதற்கு மாற்ற வேண்டும்?

ஆகவே அங்கே காத்திருக்காதீர்கள். ஆனால் நாளைக்கே ராஜினாமா கடிதமும் வேண்டாம். வெளியே வரும்போது காகிதங்கள் சுத்தமாக இருக்க வேண்டும்.

நாளை முதல் ஒரு சொந்த நோட்டு. ரிப்போர்ட் செய்த நேரம், சாக்ஸ் (சக்கரத்துக்கு வைக்கும் முட்டுக்கட்டை) எடுத்தது, மேலே ஏறியது, இறங்கியது, சாக்ஸ் போட்டது, விடுவித்தது, அவ்வளவும் அன்றன்றைக்கே. டெக் லாக் (விமானத்தின் பதிவேடு) பக்கத்தையும் பிஏ சீட்டையும் படம் எடுத்து உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். டியூட்டி முடிந்ததும் ஆப்ஸுக்கு (ஆபரேஷன்ஸ் பிரிவுக்கு) இரண்டு வரி மெயில்: ‘06:00 ரிப்போர்ட், 21:00 ரிலீஸ், அடுத்த ரிப்போர்ட் மறுநாள் 12:00-க்குப் பிறகு.’ குற்றம் சாட்ட வேண்டாம், சண்டை வேண்டாம். இந்த மெயில் இருக்கும்போது ஒன்பதரை என்று எழுத எவருக்கும் கை வராது. திருத்திய தாள் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், அவ்வளவுதான். விமானத்தின் பக்கத்தில் காத்திருந்ததை ‘ஓய்வு’ என்று காட்டினாலும் இதேதான். இடையில் ஓய்வு என்று கணக்குக் காட்ட எத்தனை மணி நேரம் வேண்டும், எப்போது தூங்க அறை தர வேண்டும் என்பதெல்லாம் உங்கள் கம்பெனியின் ஆபரேஷன்ஸ் மேனுவலிலேயே இருக்கிறது. இறக்கையின் நிழல் அறை ஆகாது.

அடுத்தது ஏ.டி.பி.எல்., ஏர்லைன் கேப்டனுக்கு வேண்டிய லைசென்ஸ். அதற்கான 1,500 மணி நேரத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவர்கள் மாட்டுவது இரவு மணி நேரத்தில். 100 மணி நேரம் இரவுப் பறத்தல் வேண்டும், இன்ஸ்ட்ருமென்ட் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது) 100 வேண்டும். சூரியன் மறைந்தால் மூடிவிடுகிற ஏர்ஸ்ட்ரிப்களுக்கே பறந்தவர்களுக்கு இது சேர்ந்திருக்காது. சேரவில்லை என்றால் இரவுப் பயணங்களை இப்போதே கேட்டு வாங்குங்கள். கேப்டனின் மேற்பார்வையில் பி1 (கேப்டன்) வேலை செய்த மணி நேரங்களுக்கு அவருடைய கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், அவர் வேலையை விட்டுப் போனபின் தேடி அலைய முடியாது. இன்னொன்று: பி200 ஒரே பைலட் ஓட்டலாம் என்று சான்று பெற்ற ரகம். அப்படிப்பட்ட விமானத்தில் கோ-பைலட் நேரத்தைப் பாதிக்கு மேல் சேர்க்க முடியாத நிலை வரலாம் என்று சர்வதேச விதியிலேயே இருக்கிறது. உங்கள் 1,430 முழுதாகச் செல்லுமா என்பதை இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லாக்புக் மணி நேரங்களைக் கம்பெனி சரிபார்த்து ஒப்புதல் தருவதையும் மாதாமாதம் முடித்துவிடுங்கள். மனஸ்தாபத்தோடு கிளம்புகிற அன்று அந்த ஒப்புதல் கிடைக்காது. ஏ.டி.பி.எல். தேர்வின் நேவிகேஷன், வானிலை, ரேடியோ எய்ட்ஸ் தாள்களுக்குப் படிக்க ஸ்டாண்ட்பை நாட்கள் போதும்.

கடன் வாங்கி ஏ320 டைப் ரேட்டிங், கூடவே கூடாது. வேலைக் கடிதம் கையில் இல்லாமல் எடுத்த ரேட்டிங், பறக்காமல் கிடந்தால் மறுபடி திறன் சோதனை, மறுபடி சிமுலேட்டர் என்று காசு கேட்டுக்கொண்டே இருக்கும். முதலில் தேர்வு, பிறகு கடிதம், அதன் பிறகு ரேட்டிங். ஏர்லைனில் சீனியாரிட்டி சேர்ந்த தேதியிலிருந்துதான் ஆரம்பம் என்பதால் சுணங்கவும் வேண்டாம்.

வெற்று செக்குக்குப் பதிலாகத் தொகையும் தேதியும் எழுதிய செக் தருவதாக மெயில் போடுங்கள். அவர்கள் இஷ்டத்துக்குத் தொகை எழுதிப் போட்டு செக் திரும்பினால், இரண்டு வருடம் வரை சிறைத் தண்டனைக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சேரும்போது பாண்ட் (இத்தனை காலம் வேலை செய்யாவிட்டால் பணம் கட்டுவதாக ஒப்பந்தம்) எழுதிக் கொடுத்திருந்தால், நியாயமான நஷ்டத்துக்கு மேல் வசூலிக்க ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு விடாது. பாண்டையும் நோட்டீஸ் காலத்தையும் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு ராஜினாமா எழுதுங்கள். சம்பள பாக்கியையும் மாதவாரியாக எழுத்தில் கேளுங்கள். வருமான வரி இணையதளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து, உங்கள் பெயரில் பிடித்த வரியைக் கட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

இத்தனைக்கும் முன்னால் அப்பாவிடம் பேசுங்கள். நிலத்தை வைத்தவருக்கு வட்டி எப்படிப் போகிறது என்று தெரிய உரிமை இருக்கிறது. நீங்கள் மறைப்பதால் அவர் அடுத்த தவணையை நம்பி உட்கார்ந்திருக்கிறார். மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை, வேலை மாறப்போகிறேன், ஆறேழு மாதம் ஆகலாம் என்று நேராகச் சொல்லுங்கள். தவணையைத் தள்ளிக் கேட்க பேங்குக்கு அவரோடு நீங்களும் போங்கள். அதற்கு வேண்டிய இரண்டு நாள் லீவையும் மெயிலிலேயே கேளுங்கள்.