வாசகர் கேள்வி: கடலில் நிற்கும் இரும்புக்கு வயதானால்?

கேள்வி: என் மகன் மும்பைக் கடலில் இருக்கிற மும்பை ஹை எண்ணெய் வயலில் ஒரு மேடையில் வேலை பார்க்கிறான். அந்த மேடை அவன் பிறப்பதற்கு முன்பே கட்டியதாம். 25 வருஷம் என்று கணக்குப் போட்டுக் கட்டியதை இன்னும் ஓட்டுகிறார்களே, பயமாக இருக்கிறது. – ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: பயம் வராமல் இருக்குமா அம்மா! ஆனால் அந்த 25, பால் பாக்கெட்டில் அச்சடிக்கிற தேதி மாதிரி கிடையாது. மும்பை ஹையில் 1974-ல் எண்ணெய் கிடைத்து, 1976-ல் எடுக்க ஆரம்பித்தார்கள். இவ்வளவு காலம் அங்கே எண்ணெய் வரும் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்? 25 முடிந்தால் இடிந்து விழும் என்று அர்த்தமில்லை, உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட வேண்டும் என்றுதான் அர்த்தம்.

வயது மட்டும் ஆபத்து என்றால் 1980 மார்ச்சில் வட கடலில் நடந்ததற்குப் பதில் இல்லை. அலெக்சாண்டர் கீலண்ட் என்ற மிதக்கும் மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். அதற்கு வயது வெறும் 4. பெரிய தாங்குகுழாய் ஒன்றில் ஒரு சின்னக் கருவியைப் பொருத்த ஒரு தகட்டை வெறும் 6 மில்லிமீட்டர் வெல்டிங்கில் ஒட்டியிருந்தார்கள், அந்த வெல்டிங்கில் இருந்த விரிசல், அலை இடிக்க இடிக்க வளர்ந்து குழாயையே முறித்துவிட்டது. அதனால் மகனிடம் மேடைக்கு என்ன வயது என்று கேட்காதீர்கள், தண்ணீருக்குள் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: விரிசல் இருப்பது தெரிந்தால் கடலுக்கு அடியில் எப்படிச் சரி செய்வார்கள்? – பொறியியல் மாணவர், திருச்சி

பதில்: முதலில் எப்படித் தெரியும் என்பதே சுவாரசியம். குழாய்கள் பலவற்றை உள்ளே காற்று இருக்கும்படி மூடித்தான் கட்டுவார்கள். விரிசல் சுவரைத் துளைத்துவிட்டால் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். ஆளில்லாத நீர்மூழ்கிக் கருவி ஒன்று குழாய்க்குக் குழாய் போய், காமா கதிர் அல்லது மீயொலி செலுத்தி, உள்ளே காற்றா தண்ணீரா என்று பார்த்துக்கொண்டே போகும். அப்புறம் டைவர் இறங்கி, பாசியையும் கொட்டலசையும் சுரண்டிவிட்டு வெல்டிங்கைக் கிட்டத்தில் பார்ப்பார்.

விரிசல் மேலாக இருந்தால் தேய்த்தே எடுத்துவிடலாம். ஆழமாகப் போயிருந்தால் வெல்டிங் வைக்க வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் கடல்நீரில் நேரடியாக வெல்டிங் செய்தால் உலோகம் சட்டென்று குளிர்ந்து நொறுங்கும் தன்மை வந்துவிடும். அந்த இடத்தைச் சுற்றி அறை கட்டி, தண்ணீரை வெளியேற்றிச் செய்யலாம், செலவு எக்கச்சக்கம். அதனால் பல இடங்களில் கிளாம்ப்தான். இரண்டு பாதியாகச் செய்த இரும்பு உறையை இணைப்பின் மேல் மூடி, நீளமான போல்ட்டுகளால் இறுக்கி, நடுவில் உள்ள இடைவெளியில் சிமெண்டுக் குழம்பைப் பம்ப் செய்வார்கள். கரையில் செய்து கொண்டுபோகிற உறை, கலங்கலில் டைவர் எடுத்த அளவுக்கு மயிரிழை சுத்தமாகப் பொருந்துமா? பொருந்தாது. அந்தப் பிசகையெல்லாம் சிமெண்டே நிரப்பிவிடும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயமே இதுதான்.

இன்னொன்று, பாடப் புத்தகங்கள் அதிகம் பேசாதது: மேடைக்குப் பலம் சேர்ப்பதைவிட அதன் பாரத்தைக் குறைப்பது பல சமயம் மலிவு. குழாயில் சிப்பியும் பாசியும் ஏறினால் அது தடித்துச் சொரசொரப்பாகி, அலை இன்னும் பலமாகத் தள்ளும். அதைச் சுரண்டினாலே அந்தத் தள்ளல் குறையும். உபயோகமில்லாத குழாய்கள், பழைய படகுத்துறை, மேல்தளத்தில் சும்மா கிடக்கிற இயந்திரங்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கணக்குப் போட்டால் கிளாம்ப் தேவைப்படாமலே போகலாம்.

கேள்வி: மேடையே தாழ்ந்து போனால்? – மதுரை வாசகர்

பதில்: போயிருக்கிறது! நார்வேயின் எக்கோஃபிஸ்க் வயலில் எண்ணெய் எடுக்க எடுக்க அடியில் இருந்த சுண்ணப்பாறை நசுங்கி, கடல்தரையே இறங்கிவிட்டது. 1987-ல் மேடைகளின் கால்களை வெட்டி, ஹைட்ராலிக் ஜாக்கிகளால் 6 மீட்டர் தூக்கி, நடுவில் புதுத் துண்டுகளைச் செருகினார்கள்.

கேள்வி: உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்காதா? – தூத்துக்குடி வாசகர்

பதில்: நீருக்கடியில் அலுமினியக் கலவைக் கட்டிகளைப் பொருத்துவார்கள், இரும்புக்குப் பதிலாக அவை கரையும். தீர்ந்தால் புதிது மாட்ட வேண்டும், அவ்வளவுதான். அலை நனைத்தும் காய்ந்தும் போகிற பகுதிதான் தலைவலி. கட்டியின் பாதுகாப்பு அங்கே சரியாக எட்டாது, பூச்சும் தாக்குப்பிடிக்காது.

கேள்வி: நான் ஐ.டி.ஐ. வெல்டர். இந்த வேலைக்குப் போகலாமா? – கடலூர் வாசகர்

பதில்: போகலாம் தம்பி, ஆனால் முதலில் தொழில்முறை டைவிங் கற்றுக்கொள்ளுங்கள். வெல்டிங் ராடு கையில் இருக்கும் நேரத்தைவிட, சுரண்டுவது, அளப்பது, போல்ட் முறுக்குவது என்று போகும் நேரமே அதிகம் இருக்கும். மும்பைப் பக்கம் மழைக்காலத்தில் கடல் கொந்தளிப்பதால் இந்த மாதிரி வேலைகள் பெரும்பாலும் மழை ஓய்ந்த பிறகுதான், அதையும் மனதில் வைத்துச் சம்பளம் பேசுங்கள்.