ராஸ் தீவு இரண்டு இருக்கிறது, முன்பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்

கேள்வி: நண்பர்கள் எட்டுப் பேர் பொங்கல் விடுமுறையில் அந்தமான் போகிறோம். கடல் நடுவே மணல்பாதை, இரண்டு பக்கமும் தண்ணீர் என்று ஒரு படம் பார்த்துத்தான் எல்லோரும் கிளம்பினோம். மதுரை ஏஜென்ட் ஒருவர் நான்கு இரவில் ஹேவ்லாக், ராஸ் தீவு இரண்டையும் காட்டுகிறேன், மணல்பாதைக்கு கேரண்டி என்கிறார். பாதிப் பணம் முன்னாலேயே கேட்கிறார். கட்டலாமா?

பதில்: இப்போது கட்டாதீர்கள். முதலில் எந்த ராஸ் தீவு என்று கேளுங்கள்.

ஒரு ராஸ் போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) எதிரிலேயே இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டட இடிபாடுகளும் மான்களும் உள்ள தீவு. 2018-இல் நேதாஜி பெயர் வைத்தார்கள், ஆனாலும் ஏஜென்ட்கள் பழைய பெயரிலேயே விற்கிறார்கள். அங்கே மணல்பாதை கிடையாது. நீங்கள் பார்த்த படம் வடக்கு அந்தமானில் திக்லிபூர் பக்கம் உள்ள ராஸ், ஸ்மித் என்ற இரட்டைத் தீவு. போர்ட் பிளேரிலிருந்து சாலை வழியாகச் சுமார் 300 கிலோமீட்டர். ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுப் பகுதியை, வண்டிகள் ஒன்றாகச் சேர்ந்து போகும் கான்வாயில்தான் கடக்க வேண்டும், நடுவில் வண்டியைப் படகில் ஏற்ற வேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள். நான்கு இரவில் ஹேவ்லாக்கும் திக்லிபூரும் என்று ஒருவர் சொன்னால், அவர் உங்களை எந்த ராஸுக்குக் கூட்டிப்போகப் போகிறார் என்பது தெரிந்துவிடும். படத்தைக் காட்டி வேறு தீவை விற்பது ஏமாற்று வேலை. ஆசையாகக் காசு சேர்த்து வருகிற பிள்ளைகளிடம் இதைச் செய்கிறார்களே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சரி, திக்லிபூருக்கே போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ‘கேரண்டி’ என்ற வார்த்தையை நம்பாதீர்கள். கடல் வற்றும்போதுதான் அந்த மணல் வெளியே வரும், ஏறினால் மூழ்கிவிடும். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று பகல் 12 மணிக்கு வற்றம் என்றால் நாளைக்கு 12.50. ‘நாங்கள் போகிற நாளில் வற்றம் எத்தனை மணிக்கு?’ என்று ஏஜென்டிடம் கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

இதில் ஒன்றைக் கவனமாகப் புரிந்துகொள்ளுங்கள். வீட்டுத் தினசரி காலண்டரில் திதி பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் நன்றாக வற்றும், பாதை அகலமாகக் கிடைக்கும். ஆனால் அதே நாட்களில் ஏற்றமும் பெரிது, பாதை வேகமாக மூடும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் நேர்மாறு: ஏற்றமும் குறைவு, வற்றமும் குறைவு. வற்ற நேரத்தில்கூடக் கணுக்கால் தண்ணீரில் நடக்க வேண்டியிருக்கலாம். ‘வற்றம்தானே, ஏன் காயவில்லை’ என்று படகுக்காரரிடம் சண்டை போடாதீர்கள், அவர் மேல் தப்பில்லை. இந்தக் கணக்கும் திதியன்றே சரியாக விழாது, ஒன்றிரண்டு நாள் பின்தங்கும்.

தீவுக்குப் படகு ஏரியல் பே துறையிலிருந்து. வனத்துறை அனுமதி வேண்டும். எட்டுப் பேரும் அசல் அடையாள அட்டை வைத்திருங்கள், ஒருவர் மறந்தாலும் எல்லோரும் நிற்பீர்கள். அனுமதிச் சீட்டு தருகிற இடத்தில் அன்றைய வற்ற நேரத்தை ஒரு பலகையில் சாக்பீஸால் எழுதிப்போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இந்திய சர்வே துறை ஆண்டுதோறும் ஏற்ற வற்ற அட்டவணை போடுகிறது. அதைப் பயணியின் கண்ணில் படும்படி வைக்க ஏன் இவ்வளவு தயக்கம்?

பாதையில் இறங்கியதும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவையுங்கள். கால்மணி நேரம் கழித்துக் குச்சி தண்ணீருக்குள் நின்றால் கடல் திரும்பிவிட்டது. மறு கரையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிக்காமல், படகு நிற்கும் பக்கத்துக்கு எட்டுப் பேரும் சேர்ந்தே வந்துவிடுங்கள்.