விரிசலைக் கண்டதும் சிமென்ட்

அன்புள்ள ஐயா,

பழைய கல், செங்கல் கட்டடங்கள் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். இது நான்காம் ஆண்டு. வளைவுகளையும் குவிமாடங்களையும் கணினியில் மாதிரியாக்கி, எங்கே எப்போது விரிசல் விழும் என்று கணக்கிடுகிறேன். உடன் படித்தவர்கள் கட்டுமான நிறுவனங்களில் கைநிறையச் சம்பாதிக்கிறார்கள். இனி யாரும் கட்டப்போகாத ஒன்றை ஆராய்ந்து யாருக்கு என்ன பயன் என்று வீட்டில் கேட்கிறார்கள். நம் முன்னோருக்கு இந்தக் கணக்கெல்லாம் அன்றே தெரியும் என்கிறார்களே, உண்மையா? ஆய்வைத் தொடரலாமா, வேலைக்குப் போய்விடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சம்பளக் கணக்கில் நான் தலையிடமாட்டேன். முன்னோர் விஷயத்துக்கு ஒரு வரி போதும்: அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தது, அதைச் சூத்திரமாக எழுதிவைத்தார்கள் என்று சொல்பவர்கள் ஏட்டைக் காட்டட்டும்.

'பயன்' என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். சில மாதங்களாகவே 1740களின் ரோம் நகரம் என் மனதை விட்டு அகலவில்லை. புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம் 1590இல் எழும்பியது. உள்விட்டம் ஏறத்தாழ 42 மீட்டர். நூற்றைம்பது ஆண்டுகளில் அதில் செங்குத்தாக விரிசல்கள் ஓடின. போப் பதினான்காம் பெனடிக்ட் மூன்று கணித அறிஞர்களிடம் ஆலோசனை கேட்டார். ஆபத்து என்று அவர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். மைக்கலாஞ்சலோ கணிதம் இல்லாமல் வடிவமைத்ததைச் செப்பனிட மட்டும் கணிதம் எதற்கு என்று எதிர்ப்பு கிளம்பியது. இந்தக் களேபரத்துக்கு நடுவில் பதுவா பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் ஜொவான்னி பொலேனி வந்தார்.

விரிசல்கள் குவிமாடத்தை ஏற்கெனவே சுளை சுளையாகப் பிரித்துவிட்டன, பிரிந்த பிறகும் அது நிற்கிறது என்பதை அவர் கவனித்தார். அப்படியானால் எதிரெதிரே உள்ள இரண்டு சுளைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு தாமாகவே நிற்குமா? அந்த இணையை 32 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் எடைக்கும் ஏற்றபடி சிறு குண்டுகளைக் கோத்துத் தொங்கவிட்டார். தொங்கிய கோட்டைத் தலைகீழாக்கிக் குவிமாடத்தின் வரைபடத்தின் மேல் பொருத்திப் பார்த்தார். கோடு எந்த இடத்திலும் சுவரின் கனத்தை விட்டு வெளியே போகவில்லை; அதாவது சுளைகள் தாமாகவே நிற்கும். தொங்கும் சங்கிலியைக் கவிழ்த்தால் வளைவு நிற்கும் வழி தெரியும் என்று ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1675இல் எழுத்துகளைக் கலைத்துப் புதிராக அச்சிட்ட உண்மை, இங்கே ஒரு பேராலயத்தின் தலைக்குமேல் சோதிக்கப்பட்டது.

குவிமாடத்தைச் சுற்றி இறுக்கும் இரும்பு வளையங்கள் வேண்டாம் என்று பொலேனி சொல்லவில்லை. 1743-44இல் புதிதாக ஐந்து வளையங்கள் பூட்டினார்கள். பழைய வளையம் ஒன்று அறுந்துகிடப்பது தெரிந்ததும் 1748இல் ஆறாவதும் பூட்டப்பட்டது. ஆனால் கட்டடம் எப்படி நிற்கிறது என்பதைப் புரிந்துகொண்ட பிறகுதான் அவர் வைத்தியம் சொன்னார். நாம் விரிசலைக் கண்டதும் சிமென்ட் மூட்டையை அவிழ்க்கிறோம்.

என் தாத்தா வீட்டில் முற்றத்தையும் கூடத்தையும் இணைக்கும் செங்கல் வளைவு ஒன்று இருந்தது. அதன் உச்சியில் மயிரிழை விரிசல். ஊர்க் கொத்தனார் அதன் குறுக்கே ஒரு காகிதத் துண்டைப் பசை தடவி ஒட்டி, தேதியை எழுதிவிட்டுப் போனார். கிழிந்தால் கூப்பிடுங்கள் என்றார். அது கிழியவே இல்லை. தாத்தா போன பிறகு வீட்டைப் 'புதுப்பித்த' ஒருவர் விரிசலில் சிமென்ட் அடைத்து, வளைவு முழுவதையும் சிமென்டால் பூசினார். சுண்ணாம்புக் காரை வழியாகக் காற்றில் போய்க்கொண்டிருந்த ஈரத்துக்கு வழி அடைபட்டது. அது பக்கத்துச் செங்கல் வழியாக வெளியேறியது. கூடவே வந்த உப்பு செங்கலின் முகத்தில் பூத்தது. சில மழைக்காலங்களுக்குள் கல் மாவாக உதிர்ந்தது. விரிசல் செய்யாத நாசத்தை வைத்தியம் செய்தது. இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

பொறியியல் அறிஞர் ஜாக் ஹேமன் 1966இல் கல் கட்டடங்கள் பற்றி எழுதிய கட்டுரையை நீங்கள் கட்டாயம் படித்திருப்பீர்கள். கல் இழுவிசையைத் தாங்காது, நசுங்காது, ஒன்றின்மேல் ஒன்று வழுக்காது என்று மூன்றை வைத்துக்கொண்டு, சுமை இறங்கும் வழியைக் காட்டும் அழுத்தக்கோடு ஒன்று கட்டடத்துக்குள்ளேயே அடங்கினால் அது நிற்கும் என்று நிறுவினார். தாங்கும் சுவர்கள் சற்றே விலகினால் வளைவு விரிசல் விட்டுத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அதில் பதற ஒன்றுமில்லை. இதை உங்களுக்கே நான் சொல்லவேண்டியிருப்பதுதான் கோபம் வரவழைக்கிறது. உங்கள் கடிதத்தில் கணினி இருக்கிறது, கணக்கு இருக்கிறது. ஒரு கட்டடத்தின் பெயர்கூட இல்லை. நான்கு ஆண்டுகளில் ஒரு சாரத்திலாவது ஏறினீர்களா? காரையை விரலால் தேய்த்துப் பார்த்ததுண்டா? மாதிரியில் அதன் வலிமையென்று இட்ட எண் எங்கிருந்து வந்தது?

எல்லா விரிசலையும் அப்படியே விட்டுவிடலாம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1989 மார்ச் 17 அன்று இத்தாலியின் பாவியா நகரத்துக் கோபுரம் சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். நூற்றாண்டுகளாகத் தன் எடையையே சுமந்து சுமந்து அதன் சுவர் உள்ளுக்குள் நைந்துபோயிருந்தது. 'நசுங்காது' என்ற அனுமானம் அங்கே செல்லுபடியாகவில்லை. மிலானில் ஆய்வாளர் லூயிஜா பிந்தா அந்த இடிபாடுகளிலிருந்து எடுத்த துண்டுகளைச் சோதித்து, நீண்டகாலச் சுமை என்ன செய்யும் என்பதை ஆராய்ந்தார். எந்த விரிசலோடு வாழலாம், எது ஆளைக் கொல்லும் என்று பிரித்துச் சொல்ல ஊருக்கு ஒருவராவது வேண்டும். அந்த ஒருவர் பாதியில் எழுந்து அடுக்குமாடிக்கு இரும்புக்கம்பி எண்ணப் போகிறேன் என்கிறார்!

ஒரு பழைய கட்டடத்தைத் தேர்ந்தெடுங்கள். அனுமதி வாங்கி, விரிசலின் குறுக்கே கண்ணாடிச் சில்லு ஒட்டுங்கள். கோடையும் மழையும் கடக்கட்டும். அதற்குப் பிறகு மாதிரியைத் திறந்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கண்டதை ஒரு கொத்தனார் படித்துப் புரிந்துகொள்ளும்படி நான்கு பக்கம் தமிழில் எழுதி எனக்கு அனுப்புங்கள். இங்கேயே வெளியிடுகிறேன்.