பிரஷ் கட்டரில் இறுகிப்போன நைலான் ஹெட்டைக் கழற்றுவது எப்படி?

கேள்வி: கோவளம் பக்கம் தென்னந்தோப்பில் புல் வெட்ட நேர் குழாய் வைத்த 4 ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் வைத்திருக்கிறேன். நைலான் நரம்பு சுழன்று வெட்டும் ஹெட்டைக் கழற்றிவிட்டு பிளேடு மாட்டப் பார்த்தால் அசையவே இல்லை. பைப் ரெஞ்ச் போட்டதில் பிளாஸ்டிக் விளிம்பு உடைந்ததுதான் மிச்சம். என்ன செய்வது?

பதில்: ரெஞ்சை எந்தப் பக்கம் திருப்பினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கோளாறு பெரும்பாலும் அதில்தான் இருக்கும். நேர் குழாய் மெஷின்களில் ஹெட் மாட்டும் மரை பெரும்பாலும் இடது மரை. ஹெட்டின் அடிப்பக்கம் உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் போகும் பக்கம் திருப்பினால்தான் கழலும். வழக்கமான போல்ட் என்று நினைத்து எதிர்ப்பக்கம் இழுத்தால் இன்னும் இறுகும். குழப்பமாக இருந்தால் ஹெட்டுக்கு மேலே உள்ள பாதுகாப்பு மறைப்பில் (கார்டு) இருக்கும் அம்புக்குறியைப் பாருங்கள். ஹெட் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கமே கழற்றும் பக்கம். ஓடும்போது புல்லின் தடை ஹெட்டை எதிர்ப்பக்கம் தள்ளி இறுக்கிக்கொண்டே இருக்கும். கடற்கரை உப்புக்காற்றில் துருவும் சேர்ந்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

முதலில் ஸ்பார்க் பிளக் கேப்பைப் பிடுங்கிவிடுங்கள். 4 ஸ்ட்ரோக் என்பதால் மெஷினைத் தலைகீழாகக் கவிழ்க்காதீர்கள், ஆயில் ஏர் ஃபில்டருக்குள் போய்விடும். இன்ஜின் தரையில் நிமிர்ந்தே இருக்க, ஹெட் பக்கத்தை மட்டும் ஒரு கட்டைமேல் தூக்கி வையுங்கள்.

ஹெட்டுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் அருகம்புல், கோரை, அறுந்த நைலான் நரம்பு எல்லாம் கயிறு முறுக்கினாற்போல் சுற்றியிருக்கும். அதைக் கத்தியால் கீறி எடுங்கள். ஆயில் சீலைக் கிழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஹெட்டின் மூடி, நரம்பு சுற்றிய ஸ்பூல், ஸ்பிரிங் ஆகியவற்றைக் கழற்றினால் நடுவில் மரை தெரியும். அங்கும், ஹெட்டுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவிலுள்ள மேல் தட்டின் இடுக்கிலும் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஓர் இரவு விடுங்கள். ஸ்ப்ரே இல்லையென்றால் டீசலில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்து விட்டாலும் போதும்.

மறுநாள் ஷாஃப்டைப் பூட்ட வேண்டும். மேல் தட்டிலுள்ள துளையும் கியர் பாக்ஸின் துளையும் நேராகும்வரை ஹெட்டை மெல்லச் சுற்றி, 4 அல்லது 5 மி.மீ. ஆலன் கீயை முழுதாக நுழையுங்கள். ஆணி வைத்தால் வளைந்துவிடும். ஆனால் இவ்வளவு இறுகியிருக்கும்போது அந்த ஆலன் கீயை மட்டும் நம்பி இழுத்தால் கியர் பாக்ஸின் அலுமினியக் காது உடையும். எனவே மேல் தட்டின் விளிம்பையும் வைஸ் பிளையரால் கவ்வுங்கள். ஸ்பார்க் பிளக் துளையில் கயிறு திணித்து இன்ஜினைப் பூட்டும் வித்தை இங்கே எடுபடாது. இன்ஜின் வேகம் கூடினால் மட்டும் ஷாஃப்டோடு இணையும் சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச் நடுவில் இருப்பதால் ஷாஃப்ட் சும்மா சுற்றும்.

ரெஞ்சின் கைப்பிடியைச் சுத்தியலால் சிறு சிறு தட்டாகக் கழலும் பக்கம் தட்டுங்கள். மெல்ல அழுத்தி இழுப்பதைவிட இந்த அதிர்வுக்குத்தான் துரு விடும். ஷாஃப்டின் முனையில் நேராக அடித்தால் பேரிங் போய்விடும். பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருக்கிறது, ஆயில் சீலும் ரப்பர். ஆகவே தீயால் சூடேற்றவே கூடாது.

உங்கள் ஹெட் ஏற்கெனவே உடைந்திருக்கிறது. உள்ளே பதித்த உலோக நட், பிளாஸ்டிக்கைவிட்டுத் தனியாகச் சுழல ஆரம்பித்தால் ஹெட்டைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். ஹாக்சா பிளேடால் அதை அறுத்துப் போட்டுவிட்டு, நட்டை வைஸ் பிளையரால் நேரடியாகப் பிடித்துத் திருப்புங்கள். புது ஹெட் விலை குறைவு, கியர் பாக்ஸ் விலை அப்படியில்லை.

மரையே தேய்ந்துபோயிருந்தால் கியர் பாக்ஸை மாற்றத்தான் வேண்டும். பாரிமுனைப் பக்கம் வாங்கப் போகிறீர்கள் என்றால் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். குழாய் 26 மி.மீ.யா 28 மி.மீ.யா, உள் ஷாஃப்டில் பல் 7ஆ 9ஆ என்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஒன்று மாறினாலும் சேராது.

பிளேடு மாட்டும் முன் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துளி கிரீஸ் தடவுங்கள். நைலான் ஹெட்டை மறுபடி மாட்டும்போது கையால் இறுக்கினால் போதும், மீதியை ஓட்டமே இறுக்கிக்கொள்ளும். ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒருமுறை கழற்றி மாட்டிவிடுங்கள்.