நிலக்கரியும் சிக்கரியும்: வட பிரான்ஸ் பற்றிக் கேள்வி பதில்

பாரிஸிலிருந்து லண்டன் ரயிலில் ஏறுகிறவர்கள் தூங்கிக்கொண்டே கடந்துவிடும் பகுதி இது. கேள்வி கேட்க ஆள் வருவார்களா என்று சந்தேகமாக இருந்தது. கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: சார், வரைபடத்தில் 'ஒ-தெ-பிரான்ஸ்' என்று போட்டிருக்கிறது. அங்கே இருக்கும் என் மாமா 'நோர்-பா-தெ-காலே' என்கிறார். எது சரி?

மாமா பழைய பெயரைச் சொல்கிறார், அவ்வளவுதான். 2016 ஜனவரி 1 அன்று நோர்-பா-தெ-காலேயையும் தெற்கே இருந்த பிக்கார்டியையும் சேர்த்து ஒரே மாநிலமாக்கினார்கள். மொத்தம் 5 மாவட்டங்கள், சுமார் 60 லட்சம் மக்கள், தலைநகர் லில். நிலம் பெரும்பாலும் தட்டை. கடல் மட்டத்திலிருந்து 176 மீட்டர் உயரமுள்ள காசெல் குன்றை இங்கே 'மலை' என்பார்கள், நாமும் தலையாட்ட வேண்டியதுதான். மேற்கே காலே அருகே வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை முனைகள் உண்டு. ஆங்கிலக் கால்வாய் அங்கே 33 கிலோமீட்டர் அகலம்தான் என்பதால், வானம் தெளிவாக இருந்தால் இங்கிலாந்துக் கரை தெரியும்.

கேள்வி: லில் நகரப் படங்களைப் பார்த்தால் பெல்ஜியம் மாதிரி இருக்கிறதே அண்ணா?

இருக்கத்தான் செய்யும். அது நெடுங்காலம் ஃபிளாண்டர்ஸ் பிரபுக்களின் ஊர்; அந்த ஃபிளாண்டர்ஸின் பெரும்பகுதி இன்று பெல்ஜியத்தில் இருக்கிறது. பிறகு பர்கண்டிக் கோமகன்களிடமும், அப்புறம் ஸ்பெயினிடமும் போனது. 1667-இல்தான் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி முற்றுகையிட்டுப் பிடித்தார். பிடித்த கையோடு வோபான் என்ற பொறியாளரை வைத்து நட்சத்திர வடிவில் ஒரு கோட்டை கட்டவைத்தார். அது இன்றும் ராணுவத்தின் கையில் இருக்கிறது. நகரின் மிக அழகான கட்டடம் என்று நான் சொல்லும் பழைய வணிகக் கூடம் 1653-இல் முடிந்தது, அதாவது ஸ்பானிய ஆட்சியில். அதன் முற்றத்தில் இப்போது பழைய புத்தகக் கடைகளும் சதுரங்கம் ஆடும் பெரியவர்களும். 1792-இல் ஆஸ்திரியர்கள் சுட்ட பீரங்கிக் குண்டுகள் சில கட்டடச் சுவர்களில் இன்னும் பதிந்திருக்கின்றன. நடக்கும்போது கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள்.

கேள்வி: ஏழைப் பகுதி, சுரங்கம் மூடிய பகுதி என்றே எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. 1720-இல் வலான்சியன் பக்கம் நிலக்கரி கிடைத்தது. அதன்பிறகு 270 ஆண்டுகள் பிரான்ஸின் அடுப்பே இங்கேதான் எரிந்தது. விலை கொடுத்தவர்கள் தொழிலாளிகள். 1906 மார்ச் 10 காலை குரியேர் சுரங்கத்தில் நிலக்கரித் தூசி வெடித்து 1,099 பேர் இறந்தார்கள். ஐரோப்பாவின் மிக மோசமான சுரங்க விபத்து அதுதான். தேடுதலைச் சீக்கிரமே கைவிட்டுவிட்டார்கள். ஆனால் 20 நாள் கழித்து, மார்ச் 30 அன்று, 13 பேர் தாங்களாகவே உயிரோடு வெளியே வந்தார்கள். உள்ளே இருந்த சுரங்கக் குதிரையின் இறைச்சியைத் தின்று, இருட்டில் தடவித் தடவி வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். தேடியிருந்தால் இன்னும் எத்தனை பேர் பிழைத்திருப்பார்களோ என்று ஊரே கொதித்தது. பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது.

முதல் உலகப்போர் முடிந்ததும் ஆள் பற்றாக்குறை. போலந்திலிருந்து குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர்கள் வந்தார்கள். சுரங்க நகரமான லான்ஸ் பக்கம் அஞ்சல் பெட்டிகளில் இன்றும் போலந்துப் பெயர்கள் சகஜம். கடைசிச் சுரங்கம் ஒய்ஞி என்ற ஊரில் 1990 டிசம்பரில் மூடப்பட்டது. கழிவைக் கொட்டிக் கொட்டி எழுந்த கரிய கூம்புக் குன்றுகள் மட்டும் நின்றுவிட்டன. 2012-இல் யுனெஸ்கோ இந்தச் சுரங்க நிலப்பரப்பையே உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் பழைய சுரங்க வாய் ஒன்றின் மேலேயே லூவ்ர் அருங்காட்சியகத்தின் கிளை லான்ஸில் திறந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் அதனால் தீர்ந்ததா என்றால், இல்லை. அந்த அளவில் எல்லோரும் சொல்வது சரிதான்.

கேள்வி: இந்தியச் சிப்பாய்கள் அங்கே போரிட்டார்கள் என்று படித்தேன். எந்த இடம்?

நெவ் ஷப்பெல், லில்லுக்குத் தென்மேற்கே ஒரு சின்னக் கிராமம். முதல் உலகப்போரில், 1915 மார்ச் 10 முதல் 13 வரை ஜெர்மானியர்கள் மீது பிரிட்டன் நடத்திய தாக்குதலில் பாதிப் படை இந்தியப் படை. இப்போது அங்கே வட்டமாக ஒரு நினைவிடம் இருக்கிறது. அசோகர் தூணைப் போல 15 மீட்டர் உயரத்தில் ஒரு தூண், அதன் இருபுறமும் கல்லில் இரண்டு புலிகள். பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் இறந்து, கல்லறை தெரியாமல் போன 4,700-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் சுவரில் உள்ளன. 1927-இல் திறந்தது. சுற்றிலும் வயல்தான், கூட்டமே இருக்காது.

கேள்வி: புதுச்சேரிக்கும் அந்தப் பகுதிக்கும் தொடர்பு உண்டா ஐயா?

உண்டம்மா, நேரான தொடர்பு. ஆளுநர் டூப்ளே 1697-இல் பிறந்தது நோர் மாவட்டத்தின் லாந்திரெசியில். நம் ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தது அவரிடம்தான். பக்கத்து ஊர் மருவால். அந்தப் பெயரில் ஒரு பாலாடைக்கட்டி உண்டு. வாடை பலமாக இருக்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டுப் பாருங்கள், ருசி சாதுவானது.

கேள்வி: சாப்பாடு, காபி எப்படி?

மாட்டிறைச்சியைப் பீரில் மெதுவாக வேகவைத்த குழம்பு, பொரித்த உருளைக்கிழங்கு, மட்டிச் சிப்பி. காபிக்கு வருவோம். நம் ஃபில்டர் காபியில் கலக்கும் சிக்கரியை இங்கே தனியாகவே குடிப்பார்கள். நெப்போலியன் 1806-இல் ஆங்கிலேயச் சரக்குகளைத் தடை செய்தபோது காபிக்கொட்டை அருகிப்போய், வறுத்த சிக்கரி வேர் அந்த இடத்தைப் பிடித்தது. அதே செடியின் இன்னொரு வகை வேரை இருட்டறையில் வைத்து முளைக்கவிடுவார்கள். வெளிச்சம் படாததால் வெளிறிய, லேசான கசப்புள்ள குருத்து வரும். அதை ஹாம் இறைச்சியில் சுற்றி, மேலே சீஸ் போட்டுச் சுடுவது குளிர்கால வீட்டுச் சமையல்.

கேள்வி: பிரெஞ்சு தெரிந்தால் போதுமா?

தாராளமாகப் போதும். கிராமத்துப் பெரியவர்கள் பேசும் பிக்கார் வழக்கு முதலில் பிடிபடாது. டன்கர்க் பக்கம் சிலரிடம் டச்சு மொழியின் வழக்கான ஃபிளெமிஷும் மிச்சமிருக்கிறது.

கேள்வி: திருவிழா பார்க்க எப்போது வரலாம்?

தவக்காலத்துக்கு முன்பு டன்கர்க். ஐஸ்லாந்துக்குக் கடலோடிய மீனவர்கள் புறப்படும் முன் நடத்திய கொண்டாட்டம் அது. நகரமன்ற மாடியிலிருந்து மேயர் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஹெர்ரிங் கருவாட்டை வீசுவார், கீழே கூட்டம் முண்டியடித்துப் பிடிக்கும். ஜூலையில் வந்தால் டுவே நகரம். 8 மீட்டருக்கு மேல் உயரமுள்ள 'கயான்' என்ற ராட்சத பொம்மை, மனைவி மக்களோடு தெருவில் ஆடி வரும். உள்ளே ஆட்கள் நின்று தூக்கி வருகிறார்கள்.

கேள்வி: இரண்டு நாள்தான் இருக்கிறது. எதை விடலாம்?

காலேயை விடுங்கள். முதல் நாள் லில், பாரிஸிலிருந்து ஒரு மணி நேரம். மறுநாள் காலை லான்ஸ், பிற்பகல் அராஸ். போரில் தகர்ந்ததைப் பழையபடியே எழுப்பிய சதுக்கங்கள் அங்கே உண்டு. செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், லான்ஸ் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.