வெண்மையைத் தேடிய குயவர்கள்: இடைக்கால இஸ்லாமிய மெருகுப் பாண்டங்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஈராக்கின் 9ஆம் நூற்றாண்டுக் கிண்ணங்கள் படங்களில் பீங்கான் போலவே இருக்கின்றனவே, அவற்றை மட்பாண்டம் என்று ஏன் சொல்கிறார்கள்?

பதில்: உடைந்த விளிம்பைப் பார்த்தால் ஐயம் நீங்கிவிடும், மேலே பாலேடு போல் மெல்லிய வெண்மை படிந்திருக்க, உள்ளே வெளிர்மஞ்சள் மண் தெரியும். பாக்தாதைத் தலைநகராக்கிய கலீபா மரபினரான அப்பாசியரின் ஆட்சியில் சீனப் பீங்கான் கடல்வழியே வந்து சேர்ந்தபோது, அதற்குரிய வெண்களிமண்ணும் அவ்வளவு கடும் சூளை வெப்பமும் தென் ஈராக்கின் பஸ்ராக் குயவர்களுக்கு வாய்த்திருக்கவில்லை. ஆகவே, சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சான மெருகின் குழம்பில் வெள்ளீய ஆக்சைடைச் சேர்த்தார்கள். அதன் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் பூச்சு வெளுத்து, அடிமண்ணின் நிறத்தை மறைத்துவிடுகிறது. அதன்மேல் கோபால்ட் நீலத்தால் இலைகளையும் எழுத்துகளையும் தீட்டினார்கள். அவர்கள் கண்முன் இருந்த வெள்ளைச் சீனக் கிண்ணங்களில் அந்த நீலம் கிடையாது. ஆதலால் இதை வெறும் நகல் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: பொன்போல் மின்னும் பாண்டங்களில் பொன் உண்டா?

பதில்: இல்லை. மெருகிட்டுச் சுட்ட பாண்டத்தின்மேல் வெள்ளி, செம்புச் சேர்மங்களைக் காவிமண்ணோடு குழைத்துத் தீட்டி, காற்றைக் குறைத்துப் புகை சூழ மிதமான வெப்பத்தில் மீண்டும் சுடுவார்கள். புகை ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, உலோகம் நுண்துகள்களாக மெருகுக்குள் தங்கிவிடும். சூளை ஆறி, ஒட்டியிருக்கும் காவியைத் தேய்த்துத் துடைக்கும்வரை, பாண்டம் தேறியதா கெட்டதா என்று குயவருக்கே தெரியாது. ஈரானின் காஷான் நகரத்துக் குயவர் குடும்பத்தைச் சேர்ந்த அபுல் காசிம், சீராகச் சுடப்பட்டது செம்பொன் போலவும் கதிரொளி போலவும் மின்னும் என்று 1301இல் எழுதியிருக்கிறார்.

கேள்வி: ஈரானின் நிஷாபூர்க் கிண்ணங்கள் சிலவற்றில் எழுத்து மட்டுமே இருப்பது ஏன், அம்மண்ணும் வெண்மையானதா?

பதில்: மண் வெண்மையானதன்று. சாமானி அரசமரபு ஆண்ட காலத்து நிஷாபூரிலும் நடு ஆசியாவின் சாமர்கந்திலும், 10ஆம் நூற்றாண்டில், கிண்ணம் முழுவதையும் வெண்மண் குழம்பால் பூசி, கரும்பழுப்புக் குழம்பால் கூஃபி எனும் கோணவடிவ அரபு எழுத்தை வரைந்து, மேலே நிறமற்ற காரீய மெருகை இட்டார்கள். நிறமியைத் தனியே தீட்டினால் உருகும் மெருகோடு ஓடிக் கலங்கிவிடும். மண்ணோடு கலந்ததால்தான் கோடுகள் இன்றும் கூர்மையாக நிற்கின்றன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலுள்ள ஒரு கிண்ணத்தில் எழுத்துகள் விளிம்பைச் சுற்றி ஓட, அவற்றின் நெடுங்கோடுகள் நடுவை நோக்கி நீள்கின்றன. செயலுக்கு முன் திட்டமிடுவது வருத்தத்திலிருந்து காக்கும் என்பது அதன் பொருள். எஞ்சிய வெண்பரப்பை வெறுமையாகவே விட்டிருக்கும் அந்தத் துணிவுக்காகவே, எந்த ஓவியக் கிண்ணத்தைவிடவும் நான் இதை உயர்வாகக் கருதுகிறேன்.

கேள்வி: சில கிண்ணங்களின் உட்புறத்தில் மூன்று சிறு வடுக்கள் இருக்கின்றனவே, அவை பழுதா?

பதில்: பழுதல்ல. சூளையில் அடுக்கும்போது கிண்ணங்கள் ஒட்டாமலிருக்க இடையில் சுடுமண் முக்காலி வைப்பார்கள். அதன் கால் தடங்கள் அவை.

கேள்வி: இத்தகைய பாண்டங்கள் நம் பக்கம் வந்தனவா?

பதில்: வந்தன. இலங்கையில் மன்னாரை அடுத்த மாந்தை அகழாய்வில் நீலப்பச்சை மெருகிட்ட மேற்காசியப் பாண்டங்களின் துண்டுகள் கிடைத்துள்ளன. அவற்றில் பெரும்பாலானவை, விருந்தில் பரிமாறிய அழகுக் கிண்ணங்களல்ல, சரக்கை அடைத்துக் கப்பலேற்றிய கனத்த சாடிகளே.