வில்லனின் கையாளை உண்மையாக எழுதுவது எப்படி?

வில்லனின் கையாட்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வருகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதே சிக்கல் இருந்தது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் நடக்கும் கதை ஒன்றில் கொடுமைக்காரப் போடியார் ஒருவரை, அதாவது பெரிய வயற்சொந்தக்காரரை, எழுதினேன். அவருக்காக ஒரு குடும்பத்தின் குடிசைக்குத் தீ வைப்பவன், அவருடைய வயலில் வேலை செய்யும் முல்லைக்காரன். முதலில் அவனுக்கு மீசையும் கத்தியும்தான் கொடுத்தேன். கதை பொய்யாக இருந்தது. அப்புறம் யோசித்தேன்: இவன் ஏன் மாட்டேன் என்று சொல்லவில்லை? போடியாரிடம் வாங்கிய நெற்கடன் இன்னும் தீரவில்லை. வெள்ளாமை வெட்டினால்தான் கணக்கு முடியும். அது தெரிந்ததும் அவன் தீப்பெட்டியைத் தேடும் விதமே மாறிவிட்டது.

இராமாயண மாரீசனைப் பாருங்கள். வேண்டாம் என்று இராவணனுக்கு எடுத்துச் சொல்கிறான். மறுத்தால் இராவணன் கையாலேயே சாவு என்று ஆன பிறகுதான் மானாகப் போகிறான். நம் மட்டக்களப்பு வடமோடிக் கூத்திலும், முதலில் ஆடி வரும்போது அடிக்கும் வரவுத் தாளம் பாத்திரத்துக்குப் பாத்திரம் வேறு. உங்கள் கையாளுக்கும் அப்படித் தனி வரவு கொடுங்கள்.

ஆனால் அவன் பாவம் என்று சொல்லி, செய்ததைக் கழுவிவிடாதீர்கள். குடிசை எரிந்தது எரிந்ததுதான். அந்தக் குடும்பம் சாம்பலுக்குள் பானையைத் தேடுவதையும் அதே பக்கத்தில் வைத்தேன்.